கழுவிய கால்கள்

1958, பெரிய வியாழக்கிழமை, மாலை ஆறு மணி. தேவாலயத்தில் பங்குச் சாமியார் தன் கையால் பாதம் கழுவும் சடங்குக்கு, அவருக்கு உதவியாக இருந்த உபதேசியார் சூசைமாணிக்கம் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மற்றவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்த கால்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

காலி நாற்காலியைப் பார்த்த சாமியார், வாசலில் நின்ற சந்தியாகுவைக் கைகாட்டி அழைத்தார். தோல் பதனிடும் தொட்டியில் நின்று வேலை செய்பவர் அவர். கால்கள் முட்டிவரை கறுத்திருக்கும், நாற்றம் போகாது. பக்கத்தில் யாரும் உட்காராததால் இத்தனை வருடமும் வாசலிலிருந்தே பூசை கண்டார். இன்று ஆசையோடு உள்ளே காலெடுத்து வைத்தார்.

உபதேசியார் குறுக்கே வந்தார். "ஏலே, போயி காலைக் கழுவிட்டு வா. சாமி தொடணும்ல?"

சந்தியாகு அந்தப் பளபளப்பான கால்களை ஒருமுறை பார்த்தார்.

"எல்லாரும் கழுவிட்டே வந்துட்டா, சாமி எதைக் கழுவுவாரு உபதேசியாரே?"