முன் இருக்கையில் சாமான்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரங்கூனில், கியாக்டடா பேட்டையில் ஓர் ஏலக் கடை இருக்கிறது. சீமைக்குத் திரும்பும் துரைமார்களின் நாற்காலி, பீங்கான், பியானோ எல்லாம் அங்கேதான் வந்து சேரும். இந்த வருடம், 1927 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மேசை விளக்கு ஒன்று தேடி அங்கே போயிருந்தேன். இரண்டு நீளமான கித்தான் பைகளை மேசைமேல் தூக்கி வைத்தார்கள். உள்ளே ஒரு படகு இருப்பதாக ஏலக்காரர் சொன்னார். கூட்டம் சிரித்தது. என் பக்கத்தில் நின்ற தமிழ் கிளார்க் ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். பைகள் அவருக்கே போயின.

இது ஒற்றை ஆள் படகா என்று அவர் கேட்டார். ஏலக்காரர் காகிதத்தைப் புரட்டுவதற்குள் கிளார்க்கின் மனைவி பதில் சொல்லிவிட்டாள். பையோடு வந்த அச்சுப் படத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

"ரெண்டு குழி இருக்கு பாருங்க. ரெண்டு பேர் உக்காரலாம்."

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெயர்கூடத் தெரியாது. அகஸ்டின், அமலி என்று நானே வைத்துக்கொண்டேன்.

2

தொடங்கிப் பார்த்தேன்.

"இரங்கூன் ஆற்றின்மேல் பொழுது புலர்ந்துகொண்டிருந்தபோது அந்தச் சிறிய படகு..."

(நிறுத்திவிட்டேன். திட்டம் போடுவதற்கு முன்பே ஆற்றில் இருக்கிறேன். இது புறப்படுவதற்கு முந்திய கதை.)

"மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில்வே குடியிருப்பில் வசித்த அகஸ்டின்..."

(இதுவும் உதவாது. ரயில்வேக்காரருக்கு ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு ஆறு தெரிந்தவர் வேண்டும். அதாவது, பாதி தெரிந்தவர்.)

"அகஸ்டின் பதினான்கு வருடமாக ஆற்றின் உயரத்தை எழுதிவருகிறார். கப்பலில் வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு ஒரு தடவைகூடத் தண்ணீரில் கால் வைத்ததில்லை."

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

அவருடைய வேலையைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எனக்கும் விளக்கப் பிடிக்கும். ஜெட்டி ஓரத்தில் அடி, அங்குலம் என்று கோடு போட்ட ஒரு கம்பம் தண்ணீருக்குள் நிற்கிறது. பக்கத்திலேயே ஒரு தகரக் கொட்டகை. அகஸ்டின் அங்கே உட்கார்ந்து, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று அரை மணிக்கு ஒரு தடவை எழுதுவார். கடலைப் பின்பற்றி ஆறும் ஏறி வற்றும்; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அட்டமி வாக்கில் இரண்டும் தணிந்துவிடும். நீங்கள் தேதி சொன்னால் போதும், வற்றம் எத்தனை மணிக்கு என்று அவர் யோசிக்காமல் சொல்லுவார்.

அமலி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அண்ணன்மார் நான்கு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். தூண்டில் முள் கட்டிக்கொடுப்பதும் கிழிந்த வலை பொத்துவதும் வீட்டுப் பெண்கள். ஆனால் பெண் படகில் ஏறக்கூடாது. ஆகவே மீனைப் பற்றி எல்லாம் தெரிந்த அவள், மீன் இருக்கும் இடத்துக்கு ஒருநாளும் போனதில்லை.*

* முதலில் அவளை அண்ணன்மாரோடு கடலுக்குப் போய்ப் பழகியவளாக எழுதியிருந்தேன். அது நடக்காத காரியம். கதைக்குச் சௌகரியமாக இருந்ததால் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

இனி படகு. மரச்சட்டங்களை எலும்புக்கூடு போலப் பூட்டி, ரப்பர் பூசிய கித்தான் தோலுக்குள் நுழைத்தால் அரை மணியில் படகு தயார். வடகடல்காரர்கள் தோல் போர்த்திச் செய்யும் கயாக் என்ற படகைப் பார்த்து ஜெர்மனியில் இதைச் செய்திருக்கிறார்கள். கூட வந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரர் இதில் உட்கார்ந்து சால்மன் பிடிக்கிறார். நம் ஆற்றில் அந்த மீன் கிடையாது. இங்குள்ள துரைமார் சாப்பாட்டு மேசையில் சால்மன் என்று சொல்லுவது நம்முடைய காலா மீனை. காலாவின் செவுளுக்குக் கீழே நூல் நூலாகச் சில துடுப்புகள் தொங்கும். கலங்கிய தண்ணீரில் அவற்றால் தடவித் தடவித்தான் அது இரையைக் கண்டுபிடிக்கிறது. (நான் இந்தக் கதையைக் கண்டுபிடிப்பதும் ஏறக்குறைய அப்படித்தான்.)

4

அகஸ்டின் ஆபீஸ் தாளில் எழுதிய திட்டம் இது.

அட்டமிக்கு மறுநாள். காலை ஆறரைக்கு லான்மடாவ் ஜெட்டி. வற்றத்தோடு கீழே போக வேண்டும். எட்டு மணிக்கு மங்கி பாயிண்ட், அதாவது பசுந்தாங் ஓடை ஆற்றில் விழும் முனை. அங்கே இரண்டு மணி நேரம் தூண்டில். வற்றம் முடிவது பத்து இருபதுக்கு. பத்து இருபதுக்குத் திரும்பினால், ஏறும் தண்ணீர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும். பின் இருக்கை: நான். முன் இருக்கை: சாமான்.

இரவுச் சாப்பாட்டுக்கு இலை போட வந்த அமலி தாளைப் பார்த்தாள். படிக்கத் தெரிந்தவள்.

"முன்னால சாமானா?"

"கூடை, தண்ணிக் கூஜா, தூண்டிலுக்கு எறா. எல்லாத்தையும் எங்க வைக்கிறது?"

"முள்ளு யாரு கட்டுவா?"

"நீ கரையிலேயே கட்டிக் குடுத்துரு."

"எங்க அண்ணமாருக்கும் அப்படித்தான் கட்டிக் குடுத்தேன்" என்றாள் அமலி.

ஜெட்டியில் ஆபீஸ்காரர்கள் பார்ப்பார்கள், கிளார்க்கின் பெண்சாதி படகில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறாள் என்று நாளைக்கே பேச்சாகும் என்று அகஸ்டின் நீளமாகச் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது பதினோரு நாள் கஞ்சி வைத்தவர் அவர்தான் (இதை இப்போதுதான் சேர்த்தேன், ஆனாலும் உண்மை). பிறர் கண்ணுக்குப் பயப்படுகிறவர், அவ்வளவுதான்.

5

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு நான் ஜெட்டிக்குப் போனேன். திட்டம் சரிதானா என்று ஆறு தெரிந்தவர் ஒருவரிடம் கேட்க நினைத்தேன். ஜமால் சிட்டகாங்காரர், இருபது வருடமாகச் சம்பான் என்ற துடுப்புப் படகு வலிப்பவர். கடைத்தெரு இந்துஸ்தானியில் தாளைப் படித்துச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. இதை எழுதியவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். இன்னும் புறப்படவில்லை என்றேன்.

பிறகு அவர் விளக்கினார். தண்ணீர் மட்டம் இறங்குவது நின்றுவிட்டால் ஓட்டமும் நின்றுவிடும் என்று நினைப்பது கம்பத்தைப் பார்க்கிறவர்களின் தவறு. ஆறு நீளமானது. கீழே கடல் தண்ணீர் புகுந்து மட்டத்தை உயர்த்தத் தொடங்கியபின்பும், மேலேயிருந்து ஓடிவந்த பாரம் உடனே நிற்காது. இறக்கத்தில் வரும் பாரவண்டி, மாட்டை இழுத்துப் பிடித்ததும் நின்றுவிடுமா? அரை மணியோ, முக்கால் மணியோ, சில இடத்தில் அதற்கு மேலோ, ஆறு கடலைப் பார்த்து ஓடிக்கொண்டேதான் இருக்கும். பத்து இருபதுக்கு வீடு திரும்புவதாக நினைத்து நடு ஆற்றுக்கு வருகிற லேசான படகு, துடுப்பே பிடித்தறியாத கை, இரண்டும் சேர்ந்து எங்கே போகும் என்று அவர் மோவாயால் தெற்கே, கடல் பக்கம் காட்டினார்.

அப்படியானால் ஓட்டம் திரும்புவதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். நங்கூரம் போட்ட கப்பல்களைக் காட்டினார். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் கப்பல் மூக்கை வைத்திருக்கும். அது திரும்பினால் ஆறு திரும்பிவிட்டது.

உங்களிடம் ஒன்றை மறைக்கக்கூடாது. அகஸ்டின் செய்த தவறு என்னுடையது. நானும் கம்பத்தை மட்டுமே பார்த்து அந்தத் திட்டத்தை எழுதியிருந்தேன்.

6

இப்போது ஒரு சிக்கல். இந்தத் தவறைக் கதையில் யார் கண்டுபிடிக்க வேண்டும்?

ஜமால் சொல்வதாக எழுதினேன். உடனே அமலியைக் கரையில் விட்டுப்போக அகஸ்டினுக்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. "பாத்தியா, எவ்வளவு ஆபத்து. ஜமாலையே முன்னால உக்கார வச்சுக்கிறேன்" என்றார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் பொறுக்க முடியவில்லை. தாளைக் கிழித்தேன்.

அமலி கண்டுபிடிப்பதாக எழுதலாம். ஆனால் இரக்கத்துக்காக அவளுக்கு அறிவைத் தானம் செய்யக்கூடாது. அவள் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்தபின் ஒன்று நினைவுக்கு வந்தது. தினமும் மதியம் டிபன் கேரியரோடு கொட்டகைக்கு வருகிறவள் அவள்தானே. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் நிற்க வேண்டும். அவருக்குக் கம்பம் இருக்கிறது. அவளுக்கு வேலை இல்லை, ஆகவே கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"நேத்து வத்தம் எத்தனை மணிக்குன்னு எழுதினீங்க?"

"பன்னெண்டே காலுக்கு. ஏன்?"

"ஒரு மணிக்கு நான் கேரியரை எடுக்கறப்பக்கூட கப்பல் எல்லாம் தண்ணி வர்ற மேக்குப் பக்கம் பாத்துத்தான் நின்னுச்சு. தண்ணி அப்பவும் கீழதான் போச்சு."

அகஸ்டின் சோற்றுக் கையோடு எழுந்து வாசலுக்கு வந்தார். அன்றைக்கு வற்றம் ஒரு மணிக்கு என்று குறித்திருந்தார். மணி ஒன்றேகால். கம்பத்தில் தண்ணீர் ஒரு கோடு ஏறியிருந்தது. ஆற்றில் ஒரு வாழைமட்டை கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"பதினாலு வருசமா கம்பத்தைப் பாக்கிறீங்க" என்றாள் அமலி. குரலில் கேலி இல்லை. "பக்கத்துல கப்பல் நின்னுது."

அவர் கொட்டகைக்குள் போய்த் திட்டத் தாளை எடுத்தார். 'பத்து இருபது' என்பதை அடித்து, 'கப்பல் திரும்பியபின்' என்று எழுதினார். பேனா கடைசி வரிக்கு மேல் வந்து நின்றது.

7

அந்தப் பேனா ஒன்பது நாளாக அங்கேயே நிற்கிறது.

ஜமால் முன்னால் உட்காரும் முடிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. எல்லாரும் பத்திரம். பெரிய காலா ஒன்று கிடைக்கிறது. அமலி அதைக் குழம்பு வைத்துப் பரிமாறுகிறாள், தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அமலி முன்னால் உட்காரும் முடிவும் இருக்கிறது. ஜெட்டியில் நாலு பேர் பார்க்கிறார்கள், அகஸ்டினின் காது சிவக்கிறது. மங்கி பாயிண்டில் அவள் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே தூண்டிலை இறக்குகிறாள். மீன்... (மீன் கிடைக்கிறதா என்று நான் கவலைப்படவில்லை.) எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. ஆனால் அந்தத் தாளில் எழுத வேண்டிய கை என்னுடையது அல்ல.

நேற்று லான்மடாவ் சந்தையில் அந்த அம்மாளைப் பார்த்தேன். அமலியை அல்ல, ஏலக் கடையில் நின்றவளை. பர்மாக்காரி ஒருத்தியின் கடையில் கமாவ் வாங்கிக்கொண்டிருந்தாள். வயலிலும் படகிலும் வெயிலுக்குப் போடுகிற அகலமான மூங்கில் தொப்பி அது. இரண்டு வாங்கினாள். பக்கத்தில் போய்க் கேட்டிருந்தால் என் கதைக்கு முடிவு கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

ஒன்று கணவருக்கு. மற்றது ஏதோ ஒரு சம்பான்காரருக்காகவும் இருக்கலாம். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். இரண்டு தொப்பிகளையும் அவள் தன் தலையிலேயே வைத்து அளவு பார்த்தாள். கடையில் அவளுக்குக் கிடைத்த தலை அது ஒன்றுதான் என்பதும் உண்மை. ஆனால் இரண்டாவதை வைத்தபோது நாடாவைத் தாடைக்குக் கீழே இழுத்து முடிந்தாள். காற்றில் பறக்குமா என்று தலையை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

தாளில் கடைசி வரி இன்னும் 'முன் இருக்கை: சாமான்' என்றுதான் இருக்கிறது. பேனாவில் மை உலரவில்லை. பேனாவை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன்.