பரண்மேல் ஏறிய பெட்டி

ஆசிஃப் பாய்க்கு நான் தர வேண்டியது பதினோராயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். இரண்டு மாதமாகத் தரவில்லை. கையில் இல்லை என்பது பாதிக் காரணம். கெட்ட சாமானுக்கு ஏன் தரவேண்டும் என்ற கோபம் மீதி.

சாமான் என்றால் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கும். வயரால் லேப்டாப்போடு சேர்த்தால் வீடியோ வேலை வேகமாக நடக்கும் என்றார்கள். என் மகள் அன்புச்செல்வி தி.நகர் ஸ்டுடியோ ஒன்றுக்குக் கல்யாண வீடியோ வெட்டி, நிறம் திருத்திக் கொடுக்கிறாள். அவளுக்காகத்தான் சிந்தாதிரிப்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஆசிஃபிடம் பாதிக் கடனில் வாங்கினேன். வீட்டுக்கு வந்த நாள் முதல் இழுவைதான். மணப்பெண் தலையைத் திருப்பினால் படத்தில் நின்று நின்று திரும்பும். இரண்டு வீடியோ தாமதமாகப் போயின. ஸ்டுடியோக்காரர் ஸ்ரீனிவாசராகவன் இரண்டுக்கும் பணத்தை நிறுத்திவிட்டார். மூன்றாவது வீடியோ வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

அந்த வியாழன் காலை பத்து மணிக்கு, கோட்டூர்புரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஆசிஃப் பைக்கை நிறுத்தினார். எனக்கு அன்று செங்கல் லோடு இல்லை. முந்தின நாள் மூன்றாம் மாடிக்கு ஏற்றியதில் தோள் வீங்கியிருந்தது. படுத்தபடியே சண்டையைத் தொடங்கினேன்.

"வா பாய். ஓட்டைப் பொட்டிய எடுத்துக்கினு போக வந்தியா?"

"பணம் குடு, இல்லாங்காட்டி பொட்டியக் குடு. தெருவெல்லாம் ஓட்டைன்னு சொல்லிக்கினு திரியாத நைனா. கடையில ஓட்டிப் பாத்துதானே வாங்கின?"

"அங்க ஓடிச்சு. இங்க வந்து படுத்துக்கிச்சு, என்னாட்டம்."

அன்புச்செல்வி லேப்டாப்பை விட்டுத் திரும்பவே இல்லை. "ரெண்டு பேரும் வெளியில போய்க் கத்துங்க. நலங்கு இன்னும் கலர் பண்ணல. பண்ணி முடிச்சாலும் ஃபைல் எடுக்க ஒன்பது மணி நேரம் காட்டுது. என் வேலை போச்சு."

ஆசிஃபின் முகம் மாறியது. "பொட்டி எங்கம்மா?"

அவள் மேலே கை காட்டினாள். பரண்மேல், டிவிக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் பெட்டி இருந்தது. ஒருமுறை அடையாற்றுத் தண்ணீர் கட்டில் வரை ஏறிய வீடு இது. அதற்குப் பிறகு விலையுள்ள எதையும் நாங்கள் கீழே வைப்பதில்லை.

ஆசிஃப் வயரைப் பிடித்துக்கொண்டே மேலிருந்து கீழ்வரை வந்தார்.

"இந்த வயரு நான் குடுத்தது இல்லியே. என்னது முழம்கூட இருக்காது."

"பொட்டியோட வந்ததுன்னுதான் நெனச்சேன்" என்றாள் மகள்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"கீழ வச்சா தண்ணி வரும்னு மேல ஏத்தினேன். வயரு எட்டல. ரெண்டு மீட்டர்ல ஒண்ணு வாங்கிப் போட்டேன். எண்ணூறு சொன்னான், அறுநூறுக்கு முடிச்சேன்."

"அடப்பாவி நைனா! இந்த நீள வயர்ல படம் பாதி வேகத்துலதான் போவும். கார்டு இன்னா பண்ணும்? சோறு வந்தாதானே மெல்லும்?" ஆசிஃப் மகள் பக்கம் திரும்பினார். "உங்க நைனாவ இன்னா பண்ணலாம்?"

"அவரத் தூக்கிப் பரண்மேல வைக்கலாம் அண்ணா."

குட்டை வயரை ரேஷன் கார்டு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். பெட்டி ஸ்டூலுக்கு இறங்கியது. ஒன்பது மணி நேரம் ஐந்தாகக் குறைந்தது. ஆனால் மணப்பெண் இன்னும் கொஞ்சம் திக்கித்தான் திரும்பினாள்.

"லேப்டாப் ஸ்கிரீன்லயே பாக்கற இல்ல, அதான். கார்டு போட்ட படம் அதே வயர்ல திரும்பி வரணும். போறதும் வர்றதும் ஒரே சந்து. அந்த டிவிய எறக்கு, நேரா பொட்டியில சொருவு."

வீங்கிய தோளோடு டிவியின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். சொருகியதும் மணப்பெண் டிவியில் வழுக்கிக்கொண்டு திரும்பி, மாப்பிள்ளை தலையில் அப்பளத்தை உடைத்தாள். அன்புச்செல்வி நாற்காலியிலிருந்து குதித்தே விட்டாள்.

"பெரிய கம்ப்யூட்டர்ல உள்ள வச்சா ஓடற அளவுக்கு ஓடாதும்மா. முன்னாடியே சொல்லிடறேன்" என்றார் ஆசிஃப்.

"இதுவே போதும் அண்ணா."

காலையில் சண்டை போட்டு விரட்டப் பார்த்த மனிதரை இப்போது சாப்பிடச் சொல்ல வேண்டியிருந்தது. ஆசிஃப் வஞ்சிரக் குழம்பை இரண்டு முறை ஊற்றிக்கொண்டார். எனக்கு மீன் துண்டு மிஞ்சவில்லை. கேட்கும் நிலையிலும் நான் இல்லை.

ஐந்தேகாலுக்கு வேலை முடிந்தது. ஹார்ட் டிஸ்க்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆசிஃபின் பைக்கில் ஏறினேன். பனகல் பார்க் பக்கம் நெரிசலில் இருபது நிமிடம் நின்றோம். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஸ்டுடியோ படியேறினோம்.

ஸ்ரீனிவாசராகவன் நலங்கை மட்டும் முழுதாக ஓட்டிப் பார்த்தார். "நன்னா பண்ணியிருக்காளே! இத்தனை நாள் என்ன ஆச்சு?"

"வயரு சார்" என்றேன். ஆசிஃப் இருமினார்.

"அடுத்த மாசம் நாலு கல்யாணம் இருக்கு, அவளை வரச் சொல்லுங்கோ" என்றவர், மூன்று வீடியோவுக்கும் சேர்த்து மகளுடைய கணக்கில் பணம் போட்டார். நான் அவளுக்கு போனில் சொன்னேன். "பாய்க்கு இப்பவே அனுப்பிடறேன் நைனா" என்று வைத்துவிட்டாள்.

படியிறங்கும்போது ஆசிஃபின் போன் அடித்தது. கடையில் இருந்த அவர் மனைவி சகினா.

"ஏங்க, கடைல ஸ்பீக்கர் பதினோராயிரத்து எழுநூத்தி அம்பது வந்துச்சுன்னு கத்துது. கஸ்டமர் எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. யாரு போட்டது?"

"கோட்டூர்புரம் சுப்புராயன். நோட்டுல அடிச்சுடு."

"நெசமாவா? மனுசன் குடுத்துட்டாரா?"

"பக்கத்துலதான் கீறாரு, மெல்லப் பேசு."

பேனா தேடும் சத்தம் கேட்டது.

"அடிச்சுட்டேன்" என்றார் சகினா.