பாதி குளித்த நாய்

கம்பளியின் ஒரு முனை சுபாஜினியின் கையில் இருந்தது. மறுமுனை பெட்டிக்குள், அப்பாவின் கால்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் மெதுவாகத்தான் இழுத்தாள். ஆனால் சாவு வீட்டில் எதை மெதுவாகச் செய்தாலும் நாலு பேர் கண்ணில் பட்டுவிடும். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

அத்தை அங்கம்மா எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குள் கிடந்த அழகையாவுக்கு ஒரே தங்கச்சி அவள்.

“பெட்டியில வச்சத எடுக்கக் கூடாதுடி. அது இனி அவருக்குச் சொந்தம்.”

“தெரியும் அத்தை. ஒரு மணிக்கு லொறி வந்துரும்.”

மணி பன்னிரண்டே முக்கால். எந்த லொறி என்று அத்தை கேட்கவில்லை. அந்த லயத்தில் வரிசையாக இருக்கிற இருபது காம்பராவுக்கும் அந்த லொறியைத் தெரியும். மூன்று வாரமாக அழகையா வேறு பேச்சே பேசவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷம் படிப்பித்த லீலாதேவி டீச்சருக்குச் சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. மடுல்சீமையிலிருந்து அவருடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு இறங்கும் லொறி, கீழே தேயிலைத் தொழிற்சாலைக்கு முன்னால் நிற்கும். அங்கே பெரட்டும் ஏறிக்கொள்ளும். அப்படித்தான் ஏற்பாடு.

பெரட்டு ஒரு பொட்டை நாய். வயது ஐந்தோ ஆறோ இருக்கும் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். பதினோரு மாதத்துக்கு முன்னால், காடாகிப்போன தேயிலை மலைக்குள் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் இடுப்பு அகப்பட்டுக் கிடந்ததை அழகையாதான் கண்டார். கிட்டப் போனவரை மூன்று இடத்தில் கடித்துவிட்டது. அவர் தோளில் கிடந்த கம்பளியை அதன் தலைமேல் போட்டுப் பொத்தி, குறட்டால் கம்பியை நறுக்கி, அதே கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். காயம் ஆறியதும் அது விடிகாலையில் பெரட்டுக் களத்துக்குப் போய்விடும். வேலைக்குப் பேர் கொடுக்க வருகிற ஆட்களுக்கு முன்னால் போய் வரிசையில் நிற்கும். பேர் அப்படி வந்தது.

அழகையாவுக்கு இது நாலாவது நாய். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்த பிறகு மனிதருக்கு இதுதான் வேலை. ரோட்டில் விட்டுப்போன நாய்களை எடுத்து வந்து தேற்றுவார். பிறகு கேட்டு விசாரித்து நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பார். பசறைக்கு இரண்டு போயின. ஒன்று பஸ்ஸிலேயே கொஸ்லந்தைக்குப் போனது. ஆனால் பெரட்டை ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் குட்டிதான் வேண்டும். இதுவோ வயசான நாய், இடுப்பைச் சுற்றி முடி முளைக்காத வடு வேறு. கேட்டு வந்த ஒரே ஒரு கடைக்காரரும் கடை வாசலில் கட்டிப்போட வேண்டும் என்றார். அழகையா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டார். கம்பியில் அகப்பட்ட நாளிலிருந்து பெரட்டு உடம்பில் கயிறு படவிடாது. கயிற்றைக் கண்டாலே தேயிலைக்குள் ஓடிவிடும், பிறகு இரண்டு நாளைக்கு வராது. தூக்கவும் முடியாது. கம்பளிக்கு மட்டும்தான் அது கட்டுப்படும். கம்பளி யார் தோளில் கிடக்கிறதோ அவர் பின்னால் போகும்.

கடைசியில் லீலாதேவி டீச்சர்தான் தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னார். கம்பளியை வைத்துத்தான் அழகையா டீச்சரைப் பழக்கினார். நாயைப் பழக்கினார் என்பதைவிட டீச்சரைப் பழக்கினார் என்று சொல்வதே சரி. சனிக்கிழமை தோறும் டீச்சர் வந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசல் கல்லில் உட்கார வேண்டும். பேசக் கூடாது, கூப்பிடக் கூடாது. எழுந்து நடந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது. இரவு ஏழு மணிக்குக் கொழும்பிலிருக்கும் மகளுக்குப் போன் எடுத்து ஒன்று விடாமல் சொல்வார். “இன்னைக்கு டீச்சர் கைய மோந்துச்சும்மா.” அடுத்த வாரம், “இன்னைக்குக் குழாயடி வரைக்கும் பின்னாலயே போச்சு.” கார்மென்ட் விடுதியில் பன்னிரண்டு பேரோடு படுத்திருக்கிற சுபாஜினிக்குச் சிரிப்பாக வரும். கடைசி வாரத்தில் அவளே ஏழு மணிக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டாள்.

நேற்றுக் காலை அழகையா தண்ணீர் சுடவைத்து, யாழ்ப்பாணப் பயணத்துக்காகப் பெரட்டைக் குளிப்பாட்ட உட்கார்ந்தார். இடது பக்கம் சோப்புப் போட்டு முடித்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து பார்த்தபோது முதுகில் நுரை காய்ந்துகொண்டிருக்க நாய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாம்.

செய்தி கேட்டதும் சுபாஜினி பஸ் நிலையத்தில் நின்றபடி அண்ணனுக்கு அழுதுகொண்டே ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். அப்பாவின் கம்பளியை மறக்காமல் பெட்டிக்குள் வைக்க வேண்டும், மலைக்கு மேலே குழிக்குள் குளிரும். அண்ணன் ஜெயரூபன் சொன்னபடியே மடித்து வைத்தான். பஸ் பசறையைத் தாண்டி மேலே ஏறும்போதுதான் அவளுக்கு நாயின் நினைவு வந்தது. நாளையிலிருந்து இந்தக் காம்பராவில் ஆளில்லை. அண்ணனுக்குப் பசறையில் வாடகை அறை, அவளுக்குக் கொழும்பு. காட்டுக்குள் சுருக்கு வைக்கிறவர்கள் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். லொறி போனால் போனதுதான்.

“நேத்து நான்தான் வைக்கச் சொன்னேன் அத்தை. தப்பு என்னோடது. இன்னைக்கு நானே எடுக்குறேன்.”

“ஒரு நாய்க்காக எங்கண்ணன் குளிர்ல போகணுமா?”

அத்தை சொன்னதில் நியாயம் இருந்தது. சுபாஜினிக்கே இரவெல்லாம் அந்த எண்ணம்தான். ஆனாலும் அவள் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது துக்கத்தால் மட்டும் இல்லை. இது நடந்துவிட வேண்டும், எப்படியாவது நடந்துவிட வேண்டும் என்ற ஆசை. பரீட்சை முடிவு வருகிற நாளில் இருந்தது போன்ற ஒரு பறப்பு. அப்பா கிடக்கிற இடத்தில் நின்றுகொண்டு இப்படிப் பறப்பது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

“அது ஏறிருச்சான்னுதான் அப்பா கேப்பாரு. குளிருதுன்னு கேக்க மாட்டாரு” என்றாள்.

அங்கம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் கிடந்த தன் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பிடியை விட்டுவிட்டுத் தன் தோளில் கிடந்த கம்பளியை உருவி உதறினாள். கொழுந்துக் கறை படிந்த பழைய கம்பளி. அதை அண்ணனின் காலிலிருந்து மார்பு வரை விரித்து, ஓரத்தை உள்ளே செருகினாள்.

“எடுத்துட்டு ஓடு” என்றாள்.

சுபாஜினி ஓடினாள். வாசலில் லீலாதேவி டீச்சர் நின்றிருந்தார். லொறி கீழே வந்துவிட்டது, அவர் மட்டும் நூற்றுச் சொச்சம் படி ஏறி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. பயணம் போகிற நாளில் சாவு வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்று அவருடைய தாயார் போனில் சொல்லியிருந்தாராம். ஐயாவைப் பார்க்காமல் எப்படிப் போவது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தோளைக் காட்டினார். சுபாஜினி கம்பளியைப் போர்த்திவிட்டாள்.

பெரட்டு விறகுக் கொட்டிலுக்குள் கிடந்தது. நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. இடது பக்க முடி பளபளவென்று நிமிர்ந்து நின்றது, வலது பக்கம் சேறு காய்ந்து கட்டிபட்டிருந்தது. டீச்சர் கொட்டிலுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் திரும்பிப் படியை நோக்கி நடந்தார்.

நாய் வெளியே வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் தீயில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பட்டாசும் தயாராக இருந்தது. சுபாஜினி அண்ணனைப் பார்த்தாள். காலையிலிருந்து யாரோடும் பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஜெயரூபன் ஓடிப்போய்த் தப்புக்காரர்களுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்தான்.

“அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம். சத்தமே வேணாம்.”

சாவு வீடு அமைதியாகிவிட்டது. ஆட்கள் ஒவ்வொருவராக லயத்துத் தண்ணீர்க் கானோரம் வந்து நின்றார்கள். பதினோரு மாதமாக அழகையாவைக் கேலி பண்ணியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். நாய்க்கு மாப்பிள்ளை பார்க்கிறாரா என்று கேட்ட கணக்கப்பிள்ளைகூடக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். கீழே டீச்சர் ஒவ்வொரு படியாக இறங்க, நாலைந்து படி விட்டுப் பெரட்டு மூக்கை நீட்டியபடி இறங்கியது. இருபது படி. நாற்பது படி. சுபாஜினி உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினாள்.

அவர்கள் குழாயடித் திருப்பத்துக்குப் போனபோது, மேலே யாருடைய முழங்கையோ தப்பில் பட்டுவிட்டது. ஒரே ஒரு சத்தம்.

பெரட்டு நின்றது. வாலை இடுக்கிக்கொண்டு திரும்பி லயத்தைப் பார்த்தது. இரண்டு படி மேலே ஏறியது. கூப்பிடுங்க டீச்சர், ஒரு தடவை கூப்பிடுங்க என்று சுபாஜினிக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. டீச்சர் கூப்பிடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. பின்னால் வந்த நடை நின்றுவிட்டதை உணர்ந்தவர் போல அங்கேயே படியில் உட்கார்ந்து, கம்பளியைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு எதிரே உள்ள மலையைப் பார்த்தார். அழகையா வாசல் கல்லில் உட்காருகிற மாதிரியே இருந்தது.

நாய் இறங்கிப் போய் அவர் முதுகோடு மூக்கை வைத்தது.

கானோரத்தில் யாரோ சத்தமாகப் பெருமூச்சு விட்டார்கள். சுபாஜினி செருப்பில்லாமல் படியில் இறங்கி ஓடினாள். அவள் கீழே போய்ச் சேர்ந்தபோது லொறிக்காரர் ஹிஷாம், யாரும் சொல்லாமலே எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்கதவில் பலகை சாய்த்து வைத்திருந்தார். டீச்சர் பலகையில் ஏறி மேசைக்கும் புத்தகப் பெட்டிகளுக்கும் நடுவில் கம்பளியை விரித்தார். பெரட்டு பலகையை மோந்து பார்த்தது. ஒரு கால் வைத்தது, எடுத்தது. பிறகு ஒரே தாவாகத் தாவி உள்ளே போய்க் கம்பளியில் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

சுபாஜினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். குதிக்காமல் இருப்பதே பெரும்பாடாக இருந்தது.

“அது பாதிதான் குளிச்சிருக்கு டீச்சர்” என்றாள். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

“மற்றப் பக்கத்தை நான் வீட்ட போய்க் குளிப்பாட்டுறன். பேரும் பெரட்டுத்தான், மாத்த மாட்டன். நீர் போம் பிள்ளை, ஐயா காத்துக்கொண்டு கிடக்கிறார்.”

படியேறி வந்தபோது எல்லாரும் வழிவிட்டார்கள். வாய்க்கரிசிக் கிண்ணத்தோடு ஜெயரூபன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். கேட்காமல் கேட்டான். அவள் தலையாட்டிவிட்டுக் குனிந்து, அப்பாவின் காதருகே வாயை வைத்து, “ஏறிருச்சுப்பா” என்றாள். அப்புறம்தான் அரிசியை எடுத்தாள். அப்போதுதான் அழுகையும் வந்தது.

இரண்டு மணிக்குத் தப்பு முழங்க, பட்டாசு வெடிக்கப் பெட்டி மேல்பாதையில் போனது. பெண்கள் லயத்து முனையோடு நின்றுகொண்டார்கள். மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி வந்து பெட்டியை மறைத்தது. அத்தை கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நடுங்குவதைப் பார்த்துச் சுபாஜினி தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள்.

“யாழ்ப்பாணத்துல ரொம்பக் குளிருமாடி?” என்று அத்தை கேட்டாள்.

“குளிரே கிடையாது அத்தை. வெயில் கொளுத்தும்.”

அத்தை ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டாள்.

“அப்போ நாய்க்கு எதுக்குடி கம்பளி? நானும் என்னோடத வேற குடுத்துட்டு நிக்கிறேன்.”

சுபாஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. அத்தைக்கும் வந்தது. இருவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்து நின்றார்கள். பார்த்தவர்கள் அழுகிறார்கள் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

பிணம் போன வீட்டைக் கழுவ வேண்டும். தண்ணீருக்காகப் பின்பக்கம் போன ஒருத்தி சுவரோரம் இருந்த வாளியைத் தூக்கினாள். நேற்று அப்பா சுடவைத்த தண்ணீர் அதில் பாதி இருந்தது. பக்கத்தில் தேய்ந்த சோப்பு. சுபாஜினி அவளிடமிருந்து வாளியை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.