தாடை எலும்பு மாலை

உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில் ஃபோல்கர்ட் ஏறி நின்றதும் கீரை விருந்துக்குக் கூடியிருந்த விடுதி முற்றமே கைதட்டியது. அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். கெசீனேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்டோபரில்தான் இதே புருஷனை நெஞ்சு நிறைய ஒயர்களோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தாள். ஸ்டென்ட் வைத்த டாக்டர் பன்றிக் கொழுப்பை இனி மறந்துவிடச் சொன்னபோது, நல்ல பிள்ளையாகத் தலையாட்டியவன்தான் இவன்.

"கீரையும் உருளைக்கிழங்கும் மட்டும்தான். சத்தியமா," என்று காலையில் பூட்ஸ் கட்டும்போதும் சொன்னான். சத்தியத்தை நம்பித்தான் அவளும் கூட வந்தாள். முழுசாக நம்பியிருந்தால் கூட வந்திருக்கவே மாட்டாள்.

எல்லோருடைய எடையையும் ஹார்ம் சாக்பீஸால் கதவில் எழுதினான். போன வருஷ விருந்தின் ராஜா அவன். பிறகு எல்லோரும் பிப்ரவரிக் குளிரில், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட குட்டிக் கிளாஸ்களோடு, சாராயப் புட்டிகள் குலுங்கும் கைவண்டியை இழுத்துக்கொண்டு வயல்களைச் சுற்றி வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி நின்றது, கிளாஸ்கள் நிறைந்தன. ஃபோல்கர்ட் ஆப்பிள் ஜூஸ் குடித்தான். அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"நம்ம கூட போலீஸே நடந்து வருதுடா, பாத்து குடிங்க," என்றான் ஹார்ம். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விடுதிக்குள் மேசை நிறையத் தட்டுகள் வந்தன. பனி பட்டு ருசி ஏறிய கேல் கீரை, பன்றிக் கொழுப்பில் மணிக்கணக்காக வெந்து கறுத்திருந்தது. அதன்மேல் புகையிட்ட இறைச்சியும், ஓட்ஸும் கொழுப்பும் அடைத்த சாசேஜும். தின்று முடித்ததும் மறுபடி தராசு. யாருக்கு எடை அதிகம் ஏறியிருக்கிறதோ அவர்தான் ராஜா. பன்றித் தாடை எலும்பு கோத்த மாலை அவர் கழுத்தில் விழும், அடுத்த வருஷத்து நடையும் விருந்தும் அவர் பொறுப்பு. ஃபோல்கர்ட் இரண்டு முறை ராஜாவாக இருந்தவன்.

"ரெண்டு தடவை பட்டம் கட்டுனவன், மாடு மாதிரி தழைய மேயறியேடா," என்று சொல்லிக்கொண்டே ஹார்ம் ஒரு சாசேஜை எடுத்து அவன் தட்டில் வைத்தான். பிறகு இன்னொன்று.

"ஹார்ம், இவனுக்கு நெஞ்சுல வைத்தியம் பண்ணி நாலு மாசம்கூட ஆகல," என்றாள் கெசீனே.

"யாருக்குத்தான் வைத்தியம் பண்ணல? எனக்கு முட்டி போச்சு. வருஷத்துல ஒரு நாள்மா."

"அந்த ஒரு நாள்ல இவன் செத்தா பெட்டிய நீ தூக்குவியா?"

"தூக்குறேன். இன்னும் எட்டு பேரு வேணும், அவ்வளவுதான்."

மேசையே சிரித்தது. சிரித்தால் சிரித்துத் தொலையட்டும். ஃபோல்கர்ட்டும் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே முள்கரண்டியை எடுத்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. நாலு மாதமாக இவனுக்காகத்தானே அவளும் சாயங்காலம் வெறும் ரொட்டியும் கொழுப்பு நீக்கிய தயிர்க்கட்டியும் தின்கிறாள். வீட்டில் வெண்ணெய் இருந்தால் இவன் கை நீளும் என்று வாங்குவதையே விட்டுவிட்டாள். அவளுக்கு என்ன தலையெழுத்தா?

அவன் தட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தாள். தின்ன ஆரம்பித்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாசேஜ் தோல் பல்லில் வெடித்துக் கொழுப்பு நாக்கில் இறங்கியது. எவ்வளவு ருசியாக இருந்தது! அது வேறு ஆத்திரத்தைக் கூட்டியது. இரண்டாவதையும் தின்றாள். பெரிய தட்டையே அருகில் இழுத்துக்கொண்டாள். இந்தப் பட்டம்தானே இவர்களுக்குப் பெரிது, அதையே பிடுங்கிவிடுகிறேன். அடுத்த வருஷம் விருந்து என் கையில். கொழுப்பில்லாமல் வேகவைத்த கீரையைப் போடுகிறேன், ஹார்ம் மென்று விழுங்கட்டும். பாவாடைக் கொக்கியைக் கழற்றிவிட்டுத் தொடர்ந்து தின்றாள். மேசையே அவள் பெயரைச் சொல்லித் தாளம் போடத் தொடங்கியது.

எல்லோரும் திரும்பவும் முற்றத்துக்கு ஓடினார்கள். ஒவ்வொருவராக நிறுத்து, கடைசியில் அவள் முறை வந்தது. ஹார்ம் தராசின் முள்ளைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், மறுபடி முள்ளைப் பார்த்தான்.

"அடிப்பாவி, என்னையே ஜெயிச்சிட்டாளே," என்றான்.

மாலை அவள் கழுத்தில் விழுந்தது. எலும்பு சில்லென்று நெஞ்சில் உரசியது. குமட்டலை அடக்கிக்கொண்டு அவள் நிமிர்ந்து நின்றாள்.

"அடுத்த வருஷம் என்ன சமைக்கணும்னு இனி நான்தான் சொல்வேன்," என்றாள். இதை ஃபோல்கர்ட்டைப் பார்த்துத்தான் சொல்ல நினைத்திருந்தாள். கூட்டத்தில் அவனைத் தேடினாள். காணவில்லை.

தராசின் மேல் நின்றதால் தலைகளுக்கு மேலாக விடுதி ஜன்னல் தெரிந்தது. உள்ளே மற்ற நாற்காலிகள் எல்லாம் காலி. ஹார்மின் நாற்காலியில், ஹார்மின் தட்டின்மேல் குனிந்து ஒருவன் அவசர அவசரமாக மென்றுகொண்டிருந்தான். வெளியே கைதட்டல் கேட்டதும் தலையைத் தூக்கினான். அவளைப் பார்த்தான். கொழுப்பில் மோவாய் பளபளக்க, முள்கரண்டியைக் கீழே வைக்காமலேயே, அவனும் கைதட்டினான்.