மகளுக்கு வந்த விளம்பரங்கள்

அன்று காலை செய்திப் பக்கத்தைத் திறந்தபோது வலது ஓரத்தில் விளம்பரம் இல்லை. அது வழக்கமாக வரும் இடம் வெள்ளையாக இருந்தது. இணைப்புதான் மெதுவாக இருக்கிறதோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். செய்திகள் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டன. யாரோ பதவி விலகியிருந்தார், எங்கோ ஒரு பாலம் இடிந்திருந்தது. அதெல்லாம் எனக்கு எதற்கு? மூன்று வருடமாக நான் அந்தப் பக்கத்தைத் திறப்பது அந்த ஓரத்துக்காகத்தான்.

சொன்னால் சிரிப்பீர்கள். விளம்பரம் பார்ப்பதற்கென்றே பல் துலக்கிய கையோடு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அவை எனக்கு வந்த விளம்பரங்கள் அல்ல. என் மகளுக்கு வந்தவை.

அந்தக் கம்ப்யூட்டரே அவளுடையதுதான். கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிக் கொடுத்தேன். வீட்டை விட்டுப் போன அன்று துணிமணிகளை எடுத்துக்கொண்டாள், சான்றிதழ்களை எடுத்துக்கொண்டாள், இதை மட்டும் தூக்க முடியாமல் விட்டுப் போனாள். அவள் கணக்கு அதில் திறந்தபடியே கிடந்தது. திரையின் மேல் மூலையில், சட்டைப் பொத்தான் அளவு வட்டத்துக்குள், நாக்கைத் துருத்திக்கொண்டு அவள் முகம். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் படத்தைப் பார்த்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கிட்டார் வாசிக்கிற ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நான் முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஏறுவது எதுவானாலும் ஒழுங்காக நிற்க வேண்டும், நின்றால் கதவு திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஜாதி. பேச்சு தடித்துவிட்டது. பெற்ற பெண்ணிடம் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னேன், அதை இங்கேயும் எழுதப்போவதில்லை. "இனிமே நானா கூப்பிட மாட்டேன்ப்பா. நீங்க கூப்பிட்டா எடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானாவது கூப்பிடுவதாவது என்று வீறாப்பாக இருந்துவிட்டேன். என் மனைவி என்னைவிடப் பெரிய வீறாப்புக்காரி. "உங்களுக்குத் தெரியாம ஒரு வார்த்தை பேச மாட்டேன். இது எத்தனை நாளைக்குன்னு பாக்குறேன்" என்றாள். வாரங்கள் மாதங்களாகி, வருடங்களும் ஆகிவிட்டன.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியாது. செய்தி படிக்கத்தான் உட்காருவேன். ஒருநாள் ஓரத்தில் மழைக்கோட்டு வந்தது. மறுநாளும் அதே மழைக்கோட்டு, வேறு நிறத்தில். வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில் எங்கள் வீட்டில் யார் மழைக்கோட்டு தேடினார்கள்? ஒரு கைக்கடிகாரத்தைத் தெரியாமல் பார்த்துத் தொலைத்ததில் அது ஒரு மாதமாகப் பின்னாலேயே வருகிறது என்று கூட வேலை செய்கிறவன் ஒருமுறை புலம்பியிருந்தான். அது நினைவுக்கு வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வாலு இருக்கிற ஊரில் மழை பெய்கிறது.

அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவிட்டதில்லை. தடித்த கம்பளிச் சட்டைகள் வந்தன. குளிர் ஊருக்குப் போயிருக்கிறாள். இரண்டு படுக்கையறை வீடுகள் வந்தன. கிட்டார் கம்பி வந்தபோது திரையை அணைத்துவிட்டேன், மறுநாள் மறுபடி திறந்தேன். ஒரு வாரம் முழுக்கப் பூனைத் தீனி. பத்து வயதில் அவள் தெருப்பூனை ஒன்றைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள், நான் அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆக, பூனை வாங்கிவிட்டாள். வாங்கட்டும். என்னைக் கேட்டா வாங்க வேண்டும்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவளுடைய கடிதங்கள் ஒரு சொடுக்குத் தூரத்தில் இருந்தன. தொட்டதில்லை. அவள் எங்கெங்கே போய்ப் பார்த்தாள் என்கிற பட்டியலும் அதிலேயே இருக்குமாம், அதையும் தொட்டதில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை, அதுவாக வருகிறது, கண்ணை மூடிக்கொள்ளவா முடியும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். மனைவியிடம் மட்டும் காபி குடிக்கிற நேரத்தில் மெல்லச் சொல்லுவேன். "இன்னைக்குத் தையல் மெஷின்." "அவளா? ஊசியில நூல் கோக்கத் தெரியாதவ" என்பாள். ஆனால் அன்று முழுக்க அவள் நடையில் ஒரு துள்ளல் இருக்கும்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு தொட்டில் வந்தது. வெள்ளை மரத்தில், சின்னச் சக்கரம் வைத்தது. நான் ஒன்றும் சொல்லாமல் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் நிறுத்தினேன். அவள் கையிலிருந்த கரண்டி சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் தொட்டில். பிறகு பால்புட்டி, கொசுவலை, கட்டைவிரல் நீளத்துக்குக் காலுறை. ஓரம் முழுக்க குழந்தைச் சாமான்களாக நிறைந்துவிட்டது. நான் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். குழந்தை பிறந்ததும் கூப்பிடலாம், அப்போது கூப்பிட ஒரு காரணம் இருக்கும், தோற்றுப்போன மாதிரி இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

அதற்குள் இந்த வெள்ளை. உற்றுப் பார்த்தபோது திரையின் மேல் ஓரத்தில், அவள் முகத்துக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு கேடயப் படம் இருந்தது. அதன்மேல் பதினான்கு என்று ஓர் எண். போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எங்கள் கம்பெனியில் புகார் போன்களை எடுக்கிற பெண் கம்ப்யூட்டர் விஷயத்தில் கெட்டி. கழற்றிப் போட்ட லிஃப்ட் பொத்தான் பலகைகளுக்கு நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பாள். படத்தைப் பார்த்ததும், "இது எக்ஸ்டென்ஷன் சார். பிரவுசர்ல சேத்துக்கிறது. நம்மள யாரும் பின்தொடரக் கூடாதுன்னு போடுறது. பதினாலு பேர் பின்தொடரப் பாத்தாங்க, தடுத்துட்டேன்னு சொல்லுது" என்றாள்.

"நான் எதுவும் போடலையேம்மா."

"அந்த அக்கவுண்ட் யாரோடது? அவங்க எங்க போட்டாலும், அதே அக்கவுண்ட் திறந்திருக்கிற எல்லா மெஷின்லயும் தானா வந்து உக்காந்துக்கும்."

பின்தொடரக் கூடாது என்று. பதினான்கு பேரில் நானும் ஒருவன். மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன், செய்யவில்லை. "ஆஃப் பண்ணணும்னா அந்தப் படத்தை அமுக்குங்க, ஸ்விட்ச் இருக்கும்" என்றாள். பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்: "சார், அந்த அக்கவுண்ட்ல வீட்ல வேற யாராவது ஏதாவது தேடுவாங்களா?"

"ஏன்?"

"அவங்க தேடுறது உங்களுக்கு விளம்பரமா வருதுன்னா, நீங்க தேடுறதும் அவங்களுக்குப் போகும்ல. அக்கவுண்ட் ஒண்ணுதானே."

நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"அப்புறம் அந்தத் தொட்டில். அதை நம்பாதீங்க சார். இந்த வயசுப் பொண்ணுன்னு தெரிஞ்சாலே ஒண்ணு ரெண்டு அனுப்பிப் பாப்பாங்க. எனக்கும் வருது. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை."

மதியம் வரை எப்படி வேலை செய்தேன் என்று தெரியாது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர்ல நீ என்ன பாப்பே?"

"என்ன திடீர்னு?"

"சொல்லு."

மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். "தொட்டில் பாப்பேன். நீங்க வேலைக்குப் போனதும். கொசுவலை, சின்னச் சட்டை... வாங்கவா போறேன்? பாக்குறதுக்குக் காசா கேக்குறான்? அவளுக்கு எது பிடிக்கும்னு ஒண்ணொண்ணா எடுத்து எடுத்துப் பாப்பேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

ஆக, முதல் தொட்டில் சும்மா வந்தது. அதைப் பார்த்து நான் இவளை இழுத்து வந்து காட்டினேன். இவள் தேடினாள். இவள் தேடியதை மறுநாள் காலையில் நான் பார்த்து, பார்த்தாயா, இன்றைக்கும் வந்திருக்கிறது என்றேன். அதைக் கேட்டு இவள் இன்னும் தேடினாள். இரண்டு கிழடுகள் மாற்றி மாற்றித் தாங்களே ஒரு பேரக்குழந்தையைப் பெற்று வளர்த்திருக்கிறோம். வேறு யாராவது சொன்னால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

கம்பெனிப் பெண் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். மனைவி கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்போ குழந்தை?" என்றாள்.

"தெரியாது."

"இது ஏழாம் மாசம்னு வச்சிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். துணிக் குவியலில் கை அப்படியே கிடந்தது.

நான் போய் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கேடயத்தை அமுக்கினால் ஸ்விட்ச் இருந்தது, நீல நிறத்தில். அமுக்கினால் எல்லாம் திரும்ப வந்துவிடும்: மழை, பூனை, கம்பளி, அவளுடைய மூன்று வருடம். விரல் அதன்மேல் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. அமுக்கலாம் என்றுதான் ஆசையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை நாள் திறந்திருந்ததால் பார்த்தேன் என்ற நியாயம் இனிமேல் செல்லாது. அவள் மூடிவிட்டாள்.

"கூப்பிடுங்க" என்று பின்னாலிருந்து மனைவி சொன்னாள். கெஞ்சவில்லை.

எண் மனப்பாடம். நான்கு முறை மணி அடித்தது.

"அப்பா" என்றாள். யார் என்று கேட்கவில்லை.

எத்தனையோ முறை ஒத்திகை பார்த்தவன், "சாப்ட்டியா" என்று மட்டும் கேட்டேன். மதியம் மூன்றரை மணிக்கு. அவள் பதில் சொல்லாமல், "காது இப்போ எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

"என் காதுக்கென்ன?"

"அஞ்சு மாசமா எனக்குக் காது மெஷினா வந்துச்சு. பேட்டரி, காதுக்குப் பின்னால மாட்டுறது, எல்லாம். அம்மாவுக்கா உங்களுக்கான்னு தெரியலை. நீங்கதான் மோட்டார் ரூம்லயே கிடப்பீங்க, உங்களுக்காத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

திரும்பிப் பார்த்தேன். மனைவி முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், ஒரு வருடமாகவே இடது காது அவ்வளவாகக் கேட்பதில்லை, வலதும் மந்தம்தான். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் தெரிந்துகொண்டு தேடியிருக்கிறாள். அங்கே ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"நீயும் பாத்தியா?" என்றேன்.

"தினமும்தான் பாத்தேன். முழங்கால் பட்டை வந்தா அம்மா, திருப்புளி செட் வந்தா அப்பா." சிரித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு, "தொட்டில் வர ஆரம்பிச்சப்புறம்தான்ப்பா முடியலை. யார் தேடுறாங்கன்னு தெரியும். அம்மாவைத் தவிர யாரு தேடப்போறா? அதனாலதான் அந்தத் தடுப்பைப் போட்டேன். போன வருஷம் வயித்துல ஒண்ணு வந்துச்சு. நிக்கலைப்பா."

நான் அந்த அறையிலேயே இருந்த நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அந்த வருடம் முழுக்க நான் பார்த்த விளம்பரங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட அது இல்லை. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் குரல் தாழ்ந்துவிட்டது. எதையோ முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி என்பது மட்டும் கேட்டது, பிறகு ஏதோ ஒரு நாள், பிறகு வெறும் மூச்சு. போனை வலது காதோடு அழுத்தியும் பிடிபடவில்லை. சத்தமாகச் சொல்லு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அதை அவள் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

மனைவி வந்து என் பக்கத்தில் தரையில் மண்டிபோட்டு, போனின் மறுபக்கத்தில் தன் காதை ஒட்டி வைத்துக்கொண்டாள். எங்கள் நெற்றிகள் முட்டிக்கொண்டன. அவளுக்கு நன்றாகவே கேட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு துடித்தது, கண்ணை இறுக மூடினாள், திறந்தாள், ஒருமுறை எதற்கோ ஈரத்தோடு சிரித்தாள். மூன்று வருடம் கழித்து என் மகள் என்னோடு பேசுகிறாள். மனைவி தலையை அசைக்கும்போதெல்லாம் நான் போனுக்குள் "ம்" என்றேன்.