குலசேகரத்தின் கடையில் ஓடும் ஆறு

2010 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பாரிஸ் லா சப்பலில் உள்ள குலசேகரத்தின் டிக்கெட் கடைக்குள் எவ்ரோஸ் ஆறு புகுந்தது. துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் எல்லையாக ஓடுகிற ஆறு அது. அந்தப் பக்கத்து மூன்று நாட்டுக்காரர்கள் அதற்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் மூழ்கியவர்களின் பெயரை எழுதிவைக்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. கட்டடச் சொந்தக்காரர் ழான்-லூக் குழாய் திருத்துபவரை அழைத்துவந்தார். அவர் கணுக்கால் தண்ணீரில் நின்றபடியே குழாயில் பழுதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு தவளையைத் தாண்டிப் போனார்.

குலசேகரம் ஏஜென்சி வேலையும் பார்த்தார், அதாவது ஆட்களை எல்லை தாண்டி அனுப்புகிற வேலை. வன்னி முகாமிலிருந்து வந்த குணரத்தினத்தை அந்த ஆற்றில் ரப்பர் படகில் ஏற்றுவித்தவர் அவர்தான். பாரிஸுக்குப் பக்கத்திலுள்ள சென் தெனியில் காத்திருந்த அவன் மனைவி புனிதவதியிடம், ஆள் கரையேறி இத்தாலியில் வேறொருத்தியோடு இருக்கிறான் என்று அவர் முதன்முதலாகச் சொன்னது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். பிறகு அதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஒரு விரல் உயர்ந்தது. மானமுள்ளவன் வாயை மூடியிருப்பான். அவர் கணினியை உயரத்தில் வைத்தார். நம் சனத்தைச் சொல்ல வேண்டும்: காற்சட்டையை மடித்துக்கொண்டு உள்ளே போய் டிக்கெட் எடுத்தார்கள், பொங்கல் விழாவுக்கு விளக்கேற்ற அவரையே கூப்பிட்டார்கள்.

புனிதவதிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், கணவன் இருக்கிறானா இல்லையா என்பது. இல்லையென்றால் திவசம் செய்ய வேண்டும். மூன்று வருடம் வந்து கேட்டாள். மூன்று வருடமும் இத்தாலிதான். 2013இல் ஒரு நாள், முழங்கால் தண்ணீரில் ஒரு சட்டை மிதந்துவந்து அவள் காலில் தட்டியது. முகாமுக்கு அவள் அனுப்பிய சட்டை. பொத்தான்களைப் பச்சை நூலால் அவளே தைத்திருந்தாள்.

"ஆரோ ஒருத்தன்ரை சட்டை, தங்கச்சி. ஆள் இத்தாலியிலைதான்" என்றார் குலசேகரம். தண்ணீர் ஒரு விரல் உயர்ந்தது.

"வாற ஞாயிறு இவருக்குத் திவசம், அண்ணை. நீங்கள் வர வேண்டாம்."

வந்தார். முதல் வரிசையிலேயே உட்கார்ந்தார். எல்லோருக்கும் சோறு போட்ட புனிதவதி, அவர் இலையில் ஒன்றும் போடாமல், சட்டையைப் பிழிந்த தண்ணீரை ஒரு கிளாஸில் வைத்தாள். அது எங்கேயிருந்து வந்த தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை. குடித்தார்.

கடை இன்றும் நடக்கிறது. கோடையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். டிக்கெட் கூடுதலாக விற்பதும் அப்போதுதான்.