நோஞ்சானுக்குப் பயந்த கதை

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி வீட்டில் வரிசையாக நின்ற மிளகாய்ச் செடிகள் பச்சைப் பசேலென்று இருந்தன. வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். வைரஸ் ஆராய்ச்சி செய்யும் அவளோ இலை இலையாகப் புரட்டி நோயைத் தேடினாள்.

போன மாதம் சித்தப்பாவின் நாற்றுப்பண்ணையில் கிள்ளி வந்த இலையில், இரண்டு பழைய வைரஸ்கள் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு பெற்ற புது வைரஸ் ஒன்றைக் கண்டிருந்தாள். பழையவை இரண்டும் பரம சாது. இலையைக் கொஞ்சம் சுருட்டும், காய்ப்பைக் கெடுக்காது. ஆனால் இரண்டுக்கும் பிறந்தது ஊரையே அழிக்கும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதோடு விட்டிருக்கலாம். "அத்தனையும் பிடுங்கிடுங்க சித்தப்பா. இது புதுசு, மோசமானது" என்று போனில் சொல்லிவிட்டாள். அந்த வைரஸை நல்ல செடியில் ஏற்றிப் பார்க்கும் முன்பே சொன்னாள். மூட்டையைப் பிரிக்காமலே விலை பேசினாள்.

ஏற்றிப் பார்த்தால் அது சுத்த நோஞ்சான். தனியாக விட்ட செடியில் ஏதோ சில இலைகளில் மஞ்சள் தட்டிவிட்டு ஓய்ந்தது. பெற்றவர்களோடு சேர்த்து விட்ட செடியில் இருந்த இடமே தெரியவில்லை. ஒரு வைரஸின் துண்டுகள் நெடுநாள் ஒன்றாகப் பிழைத்துப் பழகியவை. அங்கே பாதி, இங்கே பாதி என்று ஒட்டினால், சண்டைக்காரப் பங்காளிகளை ஒரே கல்லாவில் உட்கார வைத்த மாதிரிதான். வியாபாரம் பெரும்பாலும் படுத்துவிடும். அபூர்வமாக ஒன்று தாயையும் தகப்பனையும் மிஞ்சும். அந்த அபூர்வம் தன் கையில்தான் சிக்கியது என்று நம்பியதில் அறிவு கொஞ்சம், ஆசை மிச்சம். பெரிய பூதத்தைப் பிடித்தால்தானே பிடித்தவளுக்கும் பெரிய பெயர்.

நேரில் போனாள். சித்தப்பா தன் பண்ணையில் இல்லை. காலித் தட்டுகள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது.

"என் செடி அத்தனையும் பிடுங்கி எரிச்சேன். உங்களுக்கு மட்டும் மனசு வரலையா?"

"உங்க அண்ணன் பொண்ணு சொன்னா உங்க செடியைப் பிடுங்குங்க. என் செடி என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர்.

"இதோ, அவளே வந்துட்டா. கேளுங்க."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். "அவசரப்பட வேண்டாம் சித்தப்பா. இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்றாள்.

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு பொறுப்பா பேசுறா? அவ பாக்கட்டும். நாம பிடுங்குவோம்." குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கியே விட்டார்.

"பிடுங்காதீங்க. நான் சொன்னது தப்பு. அந்த வைரஸ் ஒண்ணும் பண்ணாது. சோதிச்சுப் பாக்காமலே சொல்லிட்டேன்."

"அப்ப என்னோடது?"

"பிடுங்கியிருக்க வேண்டாம்."

பக்கத்துப் பண்ணைக்காரர் தொண்டையைச் செருமினார். "நல்லவேளை, எங்க குடும்பத்துல யாரும் இவ்வளவு படிக்கல." யாரும் சிரிக்கவில்லை.

சித்தப்பா கையிலிருந்த நாற்றைத் திரும்பக் குழியில் வைத்து விரலால் மண்ணை அழுத்தினார். அவளைப் பார்க்காமலே பேசினார்.

"என் பண்ணையில கொள்ளைநோய்னு ஒருத்தரும் அடுத்த நாற்றுக்குச் சொல்லிவைக்கக்கூட வர்றதில்ல. எல்லார்கிட்டயும் சொன்னது நான்தான். எங்க வீட்டுப் பொண்ணு கண்டுபிடிச்சதுன்னு பெருமையா சொன்னேன். வா, இப்ப நீ சொல்லு."

உரக்கடையில் அவள் துண்டு, ஒட்டு, பழக்கம் என்று நீளமாக விளக்கினாள். "அதெல்லாம் சரிம்மா, நோய் இருக்கா இல்லையா?" என்றார் கடைக்காரர். இல்லை என்றாள்.

விதைக்கடையில் சுருக்கினாள். "இவங்க பண்ணையில ஆபத்து ஒண்ணும் இல்ல. தப்பு நடந்துபோச்சு."

"யார் பண்ணின தப்பு?"

சித்தப்பா விதைப் பொட்டலங்களில் இருந்த எழுத்தை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"நான் பண்ணினது" என்றாள்.

அவர் அப்போதும் திரும்பவில்லை. படியிறங்கி அடுத்த கடையைப் பார்த்து நடந்தார். அவள் பின்னாலேயே போனாள்.